போஸ்டரின் அடியில் ஒரு வரி

எனக்கென்று இருந்தது ஒரு தையல் மிஷினும் ஒரு சொல்லும்தான். எங்கள் தெருச் சாக்கடை மூன்று வருஷமாக வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அதை மூடவைக்க வார்டு தேர்தலில் நின்றேன். பின்னால் எந்தக் கட்சியும் இல்லை. அதனால் போஸ்டரில் என் பெயருக்கு மேல் ‘சுயேச்சை’ என்று போட்டுக்கொண்டேன்.

என்னை எதிர்த்து நின்றவரை ஊரே வெள்ளைச்சட்டை என்றுதான் கூப்பிடும். இருபது வருஷமாக ஒரே கட்சி. இந்த முறை கட்சிமேல் சனங்களுக்குக் கோபம் என்று தெரிந்ததும் மனுஷன் கொடியைச் சுருட்டி வைத்துவிட்டார். ஒருநாள் காலையில் பார்த்தால் சுவரெல்லாம் அவர் முகம், மேலே கொட்டை எழுத்தில் ‘சுயேச்சை’. அடப்பாவி! இரவல் வாங்குகிறவன்கூட ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தானே வாங்குவான்?

“ரெண்டு பேருமே சுயேச்சைன்னா, செல்வாக்கு இருக்கிறவருக்கே போட்டுட்டுப் போறோம்,” என்றாள் தைத்த துணியை வாங்க வந்த பக்கத்து வீட்டு அக்கா. அந்தச் சொல்லும் கைவிட்டுப் போனால் நான் எதைச் சொல்லி ஓட்டுக் கேட்பேன்?

ஆத்திரத்தில் ஒரு போஸ்டர் முன்னால் மூக்கு உரச நின்றேன். ஊசியில் நூல் கோத்துப் பழகிய கண். அடியில் எறும்பு ஊர்ந்ததுபோல ஒரு வரி: ‘அச்சிடச் சொன்னவர்: கட்சி அலுவலகச் செயலாளர்.’ தேர்தல் போஸ்டரில் அதைப் போட்டாக வேண்டும் என்பது சட்டம். படிக்கிறவர்தான் யாரும் இல்லை.

துணியில் அளவு குறிக்கும் சாக்கட்டியை எடுத்தேன். தெருத் தெருவாகப் போய், போஸ்டருக்குக் கீழே சுவரில் அந்த வரியைக் காட்டி ஒரு அம்புக்குறி. அவ்வளவுதான். சனங்கள் குனிந்து படித்தார்கள், நிமிர்ந்து சிரித்தார்கள். பத்தொன்பது ஓட்டில் ஜெயித்தேன்.

மறுநாளே ஒரு சேதி கேட்டு அச்சகத்துக்கு ஓடினேன். போஸ்டர் அடிக்கும்போதே வெள்ளைச்சட்டை வந்து அந்த வரியை எடுக்கச் சொல்லிக் கத்தினாராம். அங்கே மிஷின் ஓட்டும் மசி அண்ணன், “அது இல்லேன்னா மிஷின் ஓடாது,” என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம். அங்கே காகிதம் அடுக்கும் பெண் ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தபோது சொன்னாள்.

“அண்ணே, இந்த நன்றிக்கடனை நான் எப்படித் தீர்க்கப் போறேன்!” என்றேன்.

அவர் கை மையைத் துடைத்துக்கொண்டே, “எனக்கெதுக்கும்மா நன்றி? நான் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டேன்,” என்றார்.

“அப்போ அந்த வரியை ஏண்ணே விட்டு வச்சீங்க?” என்றேன்.

“என் பொண்டாட்டிக்குக் கூடப்பொறந்த அண்ணன் அவரு. இந்த வேலையே அவர் வாங்கிக் கொடுத்ததுதான். ஓட்டு என் சொந்த விஷயம், போட்டேன். அதுக்காக ஊர்க் கண்ணுல மண்ணைத் தூவ முடியுமா? பத்து நாளா வீட்ல ஒருத்தரும் என்கூடப் பேசறதில்ல.”

ஓட்டுப் போட்டவர்களையெல்லாம் வீடு வீடாகப் போய்க் கும்பிட்டேன். மனசு நிறைந்து கும்பிட்டது, போடாத அந்த ஒருவரைத்தான்.