‘பிறகு’ என்ற பெட்டி

திங்கட்கிழமை காலையில் க்ராஷ் ரிப்போர்ட் பார்ப்பது ஜீவிதாவின் வேலை. யாருடைய போனிலாவது செயலி பட்டென்று மூடிக்கொண்டால், எந்த போன், எத்தனை மணி, கடைசியாக எந்தப் பொத்தானை அமுக்கினார்கள் என்று ஒரு குறிப்பு, திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்த மாடி அலுவலகத்துக்கு வந்து சேரும். விவசாயிகள் இருந்த இடத்திலிருந்தே கிணற்று மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் உதவிய செயலி அது. ஜீவிதா எழுதியதுதான்.

எத்தனை போன்களில் கோளாறு என்பதை வைத்துத்தான் அங்கே வரிசை. நாற்பது போன் என்றால் அன்றைக்கே சரி செய்வார்கள். ஐந்துக்குக் கீழே என்றால் ‘பிறகு’ என்ற பெட்டியில் தள்ளுவார்கள். ஒரு தடவை தள்ளிவிட்டால், அதே கோளாறு அடுத்து எத்தனை முறை வந்தாலும் சத்தமில்லாமல் அந்தப் பெட்டியிலேயே போய் விழும். நாலு பேர் வேலை பார்க்கிற இடத்தில் வேறென்ன செய்வது என்பார் முதலாளி விக்னேஷ்குமார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பெட்டிக்குள் போன எதுவும் திரும்பி வந்ததாகச் சரித்திரம் கிடையாது.

ஆகஸ்டில் அப்படி ஒன்று வந்தது. ஒரே ஒரு போன், இரண்டே தடவை. ஜீவிதா ஒரு கையில் டீயை வைத்துக்கொண்டு மறு கையால் அதைத் தள்ளிவிட்டாள்.

அக்டோபரில், செயலியின் கட்டளையை வாங்கி மோட்டாரை இயக்கும் ஸ்டார்ட்டர் பெட்டியை ஊர் ஊராகப் போய் மாட்டிக்கொடுக்கும் சேவியர், கழற்றிய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"சாணார்பட்டிப் பக்கம் பொன்னழகுன்னு ஒருத்தரும்மா. போன மாசம் கரண்டு அடிச்சு செத்துப் போயிட்டாரு. மோட்டார் ஓடுறப்ப இரும்புப் பைப்பத் தொட்டிருக்காரு, அப்படியே ஒட்டிக்கிட்டாரு. ஸ்டார்ட்டர் ரூம் பூட்டிக் கெடக்கு, சாவி அவரு இடுப்புல, தொட முடியாது. பொண்டாட்டி கையில போன் இருந்திருக்கு. ஆஃப் அமுக்கத் தெரியாம முழிச்சிருச்சாம். ஆளுக வந்து கதவ ஒடைக்கிறதுக்குள்ள உசுரு போயிருச்சு."

"ஆப் வேலை செய்யலையாண்ணே?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. மறுநா அவரு தம்பி அதே போன்ல அமுக்கிப் பாத்திருக்காரு, கப்புனு நின்னுருச்சு. எனக்கு நிக்கிற மோட்டாரு மதினிக்கு மட்டும் நிக்கலையான்னு கேக்குறாரு. ஊரே அந்தம்மாவத்தான் பேசுது." சேவியர் பெட்டியைத் தட்டினார். "அன்னைக்கு மூணு பேஸ் கரண்டுல ஒரு பேஸ் இல்லையாம். மனுசன் கண்டென்சர் போட்டு ரெண்டு பேஸ்லயே ஓட்டியிருக்காரு."

ஜீவிதா, மோட்டாரை நிறுத்துவதற்குத் தான் எழுதிய பகுதியைத் திறந்து பார்த்தாள். மோட்டார் ஓடுகிறதென்றால் மூன்று பேஸிலும் மின்சாரம் இருக்கிறது என்று பொருள். ஆகவே நிறுத்துவதற்கு முன் மூன்றின் அளவையும் வாங்கிக் காட்டு என்றுதான் அவள் எழுதியிருந்தாள். ஒன்று இல்லாவிட்டால் என்ன செய்வது என்று எழுதவில்லை; அப்போது செயலி மூடிக்கொள்ளும். பாடப்புத்தகப்படி அதில் பிழை இல்லை. ஆனால் கண்டென்சர் என்ற அந்தச் சின்ன டப்பாவைக் கோத்து, இரண்டு பேஸிலேயே தண்ணீர் இறைக்காத தோட்டம் இந்தப் பக்கம் எத்தனை இருக்கும்? டவுனில் பிறந்த பெண், தெரியாது. தெரிந்தவர்களிடம் கேட்டதும் இல்லை.

‘பிறகு’ பெட்டியைத் திறந்தாள். ஆகஸ்டில் தள்ளிவிட்ட அதே போன், பொன்னழகுடையது. செப்டம்பரில் ஒரு புதன்கிழமை, மதியம் இரண்டு பத்துக்கு ஆரம்பித்து நாலு நிமிடத்துக்குள் பதினேழு குறிப்புகள். கடைசியாக அமுக்கிய பொத்தான், பதினேழிலும் ஆஃப். முதலில் இருபது நொடிக்கு ஒன்று. போகப்போக, செயலி மறுபடி திறக்க ஆகும் நேரம் மட்டும்தான் இடைவெளி.

கோளாறைச் சரிசெய்ய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதுதான் அவளை வதைத்தது. ஆகஸ்டில் அந்த டீயைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் போதும். ஒரே போன் திரும்பத் திரும்ப ஒரே பொத்தானை அமுக்கினால் அது பட்டியலில் முதலில் வரட்டும் என்று வரிசையையும் மாற்றினாள். பிறகு விக்னேஷ்குமாரிடம் போய்ச் சொன்னாள்.

அவர் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார். "சரி பண்ணிட்டேல்ல? அத்தோட விட்ரு. அவங்களே நம்மள ஒன்னும் சொல்லல. கிணறு வெட்டப் போயி பூதத்தக் கெளப்பாத."

"அந்தம்மாவச் சொல்றாங்களே சார்."

"நாலு நாள் பேசுவாங்க. அப்புறம் மறந்துருவாங்க."

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பது அவருக்கும் தெரியும். தன் வாசலுக்கு வராதவரை யாருக்குமே அது பெரிதில்லை.

சனிக்கிழமை, பதினேழு குறிப்புகளையும் காகிதத்தில் எடுத்துக்கொண்டு ஜீவிதா பஸ் ஏறினாள். வேலை போகும் என்று தெரிந்துதான் போனாள்.

பொன்னழகின் தம்பி அழகுராஜாதான் நாற்காலி எடுத்துப் போட்டார். பொன்னழகின் மனைவி அங்கம்மாள் உள்ளே சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். வந்தவள் யாரென்று அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு மாதமாக அந்த வீட்டில் அவள் என்ன சொன்னாலும் யாரும் காதில் வாங்கவில்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது.

"அம்மா, இது அன்னைக்கு நீங்க அமுக்குனதும்மா," என்று ஜீவிதா காகிதத்தை நீட்டினாள். "பதினேழு தடவ. சரியா ஆஃப்தான் அமுக்கியிருக்கீங்க, ஒரு தடவகூடத் தப்பில்ல. எங்க ஆப்தான் மூடிக்கிருச்சு. ரெண்டு பேஸ்ல ஓடுனா அப்படி ஆகும். மறுநா மூணு பேஸும் இருந்திருக்கும், அதான் இவருக்கு நின்னுச்சு. நான்தான் எழுதுனேன். என் தப்பு."

அழகுராஜா காகிதத்தைப் பிடுங்காத குறையாக வாங்கினார். விரல் வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். பாதியிலேயே விரல் நின்றுவிட்டது. "மதினி..." என்றார்.

அங்கம்மாள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. ஜீவிதாவைத்தான் பார்த்தாள்.

"அம்புட்டும் உங்களுக்கு வந்துச்சா தாயி?"

"வந்துச்சும்மா."

"எப்ப?"

"அப்பவே. நீங்க அமுக்க அமுக்க."

"அந்நேரம் அங்கன ஆளு இருந்தீகளா?"

இருந்தார்கள். மதியச் சாப்பாடு முடிந்து நாலு பேரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்திருந்த நேரம். இல்லை என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் இரண்டு பேருக்குமே ஆறுதலாக இருந்திருக்கும்.

"இருந்தோம்மா."

அங்கம்மாள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

"அந்தக் காட்டுக்குள்ள யாருமே இல்லன்னு நெனச்சுல்ல தாயி கத்திக்கிட்டுக் கெடந்தேன்," என்றாள்.