இரண்டு ஜோடி உடைந்த காதுகள்

ஈரானின் கெர்மான்ஷா ஊர்ச் சந்தையில் என் நெய்க்கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. என் காதுகளே போதும். பன்னிரண்டு வயதில் மல்யுத்தப் பாயில் ஏறி முப்பதில் இறங்கினேன். அதற்குள் இரண்டு காதும் நசுங்கி, ரத்தம் கட்டி, பிசைந்துவிட்ட மாவு உருண்டைபோல் இறுகிவிட்டன. எங்கள் ஊரில் உடைந்த காதுக்குத் தனி மரியாதை. பேருந்தில் இடம் கிடைக்கும். போலீஸ்காரன்கூட 'ஐயா' போடுவான். வியாபாரத்துக்கு மட்டும் ஆகாது. "பயில்வான் போய் பேரம் பேசலாமா?" என்று சிரித்தே விலையைக் குறைத்துவிடுவார்கள். என் அப்பா ஒரு டின் நெய்க்கு அரை நாள் பேரம் பேசிய மனிதர். அவர் மகன் நான், "சரி, கொண்டு போங்க" என்றே காலம் தள்ளுகிறேன்.

இன்னொரு தொல்லையும் உண்டு. சந்தையில் கைகலப்பு என்றால் காது உடைந்தவன் போய் நடுவில் நிற்க வேண்டும். நின்று, "ஸலவாத்துச் சொல்லுங்க!" என்று ஒரு குரல் கொடுக்க வேண்டும். கூட்டம் மொத்தமும் நபிக்கு வாழ்த்துச் சொல்லும். அதற்குப் பிறகும் கையை ஓங்குகிறவன் மனிதனில் சேர்த்தி இல்லை. இருபத்திரண்டு வருடமாக அந்தக் குரல் என்னுடையது. இடையில் வாங்கிய குத்துகளும் என்னுடையவை.

போன மாதம் மருத்துவர் என் கழுத்துப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தலைய ஊன்றி உடம்ப வளைச்சு நிப்பீங்களே, அதெல்லாம் எத்தனை வருஷம்?"

"பதினெட்டு."

"கழுத்துல ரெண்டு எலும்புக்கு நடுவுல இருக்க வேண்டியது தேஞ்சே போச்சு. இனி ஒருத்தன் பிடிச்சு இழுத்தான்னா வலது கை உங்க பேச்சைக் கேக்காது."

வெளியே வந்ததும் என் மனைவி தூபா ஆரம்பித்தாள். "ஊர்ச் சண்டைய விலக்கப் போயி எலும்ப விலக்கிட்டு வந்திருக்கீங்க. இனிமே எவன் கூப்பிட்டாலும் போகக்கூடாது. கேட்டுச்சா? எந்தக் காதுல சொல்லணும், சொல்லுங்க, அதுல சொல்றேன்."

கேட்டது. ஆனால் சந்தையில் ஒருவரிடமும் சொல்லவில்லை. தன் டின் ஓட்டை என்று தானே தட்டிக்காட்டி விற்ற வியாபாரி எவன்?

மூன்று வாரம் சண்டையே வரவில்லை. நான்காவது வாரம் என் வாசலிலேயே வந்தது. எதிரில் உலர்பழக் கடை போட்டிருந்த செங்கிஸ் புது ஆள். அவனுக்கும் காது உடைந்திருந்தது. அன்று அவன் அக்ரூட் மூட்டைகளை என் வாசலில் அடுக்கினான். எடுக்கச் சொன்னேன்.

"யாருகிட்ட பேசுறே தெரியுமா?" என்று சத்தம் போட்டு, வந்து என் பிடரியில் கை வைத்தான்.

பழக்கம் கெட்டது. யோசிப்பதற்குள் என் கையும் அவன் பிடரிக்குப் போய்விட்டது. நெற்றியோடு நெற்றி முட்டி நின்றோம். நொடியில் கூட்டம் கூடிவிட்டது.

அப்போதுதான் கவனித்தேன். பயல் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, புகைப்படத்துக்கு நிற்பதுபோல் நின்றான். காதுகள் இரண்டும் ஒரே அச்சில் வார்த்த சர்க்கரைக் கட்டிகள். பாயில் உடைந்த காது ஒருபோதும் ஜோடி சேராது.

"காது எங்கடா பண்ணினே?" என்று முணுமுணுத்தேன்.

"ஹமதான்ல அண்ணே," என்றான் மெதுவாக. "மச்சான் ரெண்டு வாரம் முஷ்டியால பிசைஞ்சான்."

"எதுக்கு?"

"சும்மா கடைக்காரன்னா மிரட்டிக் காசு கேக்குறானுங்க. காதைப் பாத்தா ஒதுங்குறானுங்க."

"சரி, கைய எடு."

"எடுத்தா நாளைக்கு எவன் மதிப்பான்? நீங்க எடுங்க."

என் கழுத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. "யாராவது ஸலவாத்துச் சொல்லச் சொன்னா ரெண்டு பேருமே விட்டுடலாம்," என்றேன்.

காத்திருந்தோம். ஒருவரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? சொல்கிறவன் பிடியில் அல்லவா இருக்கிறான்! டீக்கடை நூரல்லா, "பயில்வான் விளையாட்டுக் காட்டுறார், இடம் விடுங்கப்பா!" என்று கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான்.

"மூணு எண்ணுறேன். ரெண்டு பேரும் சேந்து கத்துவோம்," என்றேன்.

எண்ணினேன். மூன்று வந்தது. இருவருமே வாயைத் திறக்கவில்லை.

"ஏண்டா கத்தலே?"

"நீங்க ஏன் கத்தலே?"

வியாபாரி வயிற்றில் பிறந்தவர்கள் இரண்டு பேர். யார் முதல் விலை சொல்வது?

இதற்குள் அவன் பயத்தில் முழு எடையையும் என் கழுத்தில் போட்டுத் தொங்கினான். என் தோளிலிருந்து நெருப்பு ஒன்று இறங்கியது. சுண்டுவிரலில் எறும்பு ஊர்ந்தது. பிறகு எறும்பும் இல்லை, விரலும் இல்லை.

"விடுடா! கழுத்து போச்சு! நான் தோத்துட்டேன்! ஸலவாத்துச் சொல்லுங்கய்யா!" என்று கத்தினேன்.

சந்தைக் கூரை அதிரச் சொன்னார்கள். அவன் விட்டான். நான் மூட்டைமேல் உட்கார்ந்தேன். நூரல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"பாத்தீங்களாய்யா மனச! புது ஆளு முகம் வாடக்கூடாதுன்னு தானே தோத்துட்டார்!"

"டேய், நெஜமாவே கழுத்துடா," என்றேன்.

"இப்படிச் சொல்றதுதான் பயில்வானோட குணம்!"

என்னத்தைச் சொல்ல? நூரல்லா டீ கொண்டுவந்து கொடுத்தான். வலது கையால் வாங்கினேன். தம்ளர் நழுவி உடைந்தது. அதற்கும் கண் கலங்கினான்.

மறுநாள் காலையிலும் கடைசி இரண்டு விரல்கள் எழுந்திருக்கவில்லை. அறுவை சிகிச்சை செய்தாலும் விரலுக்கு உத்தரவாதம் இல்லை என்றார் மருத்துவர். தூபா ஒரு வார்த்தையும் திட்டாமல் என் சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிட்டாள். திட்டியிருக்கலாம்.

பதினோரு மணிக்கு நூரல்லா ஓடிவந்தான்.

"பயில்வான்! செம்புக் கடைத் தெருவுல அடிதடி! சீக்கிரம்!"

எனக்கு எழுந்திருக்கவே அலுப்பாக இருந்தது. எதிரே செங்கிஸ் அத்திப்பழம் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"அவரக் கூட்டிட்டுப் போ," என்றேன். "நேத்து என்னையே ஜெயிச்சவர்."

செங்கிஸ் முகம் வெளுத்தது. கிட்டே வந்து குனிந்தான். "அண்ணே, எனக்கு ஒரு பிடிகூடத் தெரியாதே."

"நடுவுல நில்லு. கத்து. உன் கழுத்த மட்டும் எவனும் தொடாமப் பாத்துக்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். மிச்சத்தை எல்லாம் காது பாத்துக்கும்."

போனான். சற்று நேரத்தில் செம்புக் கடைத் தெருவிலிருந்து ஸலவாத்து எழுந்து வந்தது, கணீரென்று, எனக்கு எழுவதுபோலவே. பதினெட்டு வருடம் பாயில் உடைந்த காது செய்த வேலையை இரண்டு வாரம் பிசைந்த காது செய்துவிட்டது. சிரிப்பு வந்தது, சிரித்தால் கழுத்து வலித்தது.

செங்கிஸ் வியர்வை வழியத் திரும்பி வந்தான். முகமெல்லாம் பல்.

"அண்ணே! நெஞ்சுல கை வச்சு மரியாதை பண்ணினானுங்க அண்ணே!"

"நல்லது," என்றேன். "நாளைக்கும் கூப்பிடுவாங்க. நாளன்னைக்கும்."

அவன் சிரிப்பு பாதியில் நின்றது.