நடுமாசத்தில் சிவக்கும் பொம்மைகள்

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஆல்பர்ட்டின் கம்பெனியில், சூளைக்குப் போகாத வெள்ளைப் பொம்மைகள் மாதத்தில் ஒருநாள் ரோஜா நிறமாகச் சிவந்துவிடும். பிள்ளையார்கள் காது மடல்வரை சிவப்பார்கள். வாத்துகளுக்கு வயிறு மட்டும் சிவக்கும், குதிரைகளுக்கு மூக்கு. மறுநாள் பார்த்தால் பழையபடி வெளுத்திருக்கும். ஆல்பர்ட் முதலில் மண்ணைச் சந்தேகப்பட்டார், பிறகு போர்வெல் தண்ணீரை மாற்றிப் பார்த்தார், ஃபாதரைக் கூப்பிட்டு மந்திரித்த தண்ணீர் தெளித்தார், அது போதாதென்று கொளஞ்சியப்பர் கோயில் விபூதியையும் வாங்கிவந்து கதவில் பூசினார். பொம்மைகள் எதற்கும் அசையவில்லை. சூளையில் வெந்து வெளியே வரும்போது வெள்ளையாகத்தான் வருகின்றன என்று தெரிந்ததும், அவரும் போனால் போகிறது என்று விட்டுவிட்டார்.

இரண்டு பாதி அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் ஒட்டுக்கோட்டை ஈரப் பஞ்சால் துடைத்து வழவழப்பாக்குவது பூங்கோதையின் வேலை. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வருவாள். தீட்டான பெண் தொட்ட பொம்மை சூளையில் வெடிக்கும் என்று அந்தக் கம்பெனியில் ஒரு நம்பிக்கை. அதனால் தூரமான பெண்கள் அந்த நாட்களில் பொம்மையை விட்டு எழுந்துபோய் வைக்கோல் வைத்துப் பெட்டி கட்டுவார்கள். மற்றவர்கள் மாதம் ஒருமுறை போனார்கள், பூங்கோதை இரண்டு முறை போனாள். வீட்டிலும் அப்படியே. கொல்லைக் கொட்டகையில் தனிப் பாய், தனித் தட்டு, தனிச் சொம்பு. முழுசாக வந்தாலும் சரி, நடுமாசத்தில் ஒரு சொட்டு பட்டாலும் சரி, மூன்றாம் நாள் தலைமுழுகும்வரை புருஷன் கொளஞ்சிநாதன் கிணற்றடிக்கு அந்தப் பக்கம் நின்றுதான் அவளோடு பேசுவான். மினி லாரி ஓட்டுகிறவன், நல்லவன், ஆனால் அம்மா கிழித்த கோட்டைத் தாண்டத் தெரியாதவன். வருஷங்கள் போயின. பிள்ளை இல்லை. மாமியார் சொர்ணாம்பாள் திட்டக்குடியில் ஒரு பெண்ணைப் பார்த்துவைத்துவிட்டாள். தை பிறந்தால் பேசி முடிப்பதாக ஏற்பாடு. பூங்கோதை தன் துணிமணிகளை ஒரு பைக்குள் அடுக்கிவைத்துக்கொண்டு, எப்போது போகச் சொல்வார்களோ என்று காத்துக் கிடந்தாள்.

பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து துடைக்கிற ஜோஸ்பினுக்குக் கண் சும்மா இருக்காது. ஒருநாள் பொம்மைகள் சிவந்திருந்தபோது வைக்கோல் பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

“ஏ பூங்கோத, நீ முழுசாத் தூரமாவும்போது இதுங்க வெள்ளையாத்தான் இருக்குது. நடுவுல வரும்போதுதான் செவக்குது. அது எப்பிடிடி?”

“நடுவுல ஒரு சொட்டுதாங்க்கா படும். சாயந்தரத்துக்குள்ள நின்னுடும்.”

“ஒரு சொட்டுக்கா போய்க் கொல்லையில படுக்குற? கிறுக்கச்சி!”

ஜோஸ்பின் அவளைக் கையோடு இழுத்துக்கொண்டு போன இடம் லேடி டாக்டர் விமலாராணியின் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா பொம்மைக் கதையை முழுக்கக் கேட்டார், ஆச்சரியப்படவில்லை. தைராய்டுக்கு ரத்தம் எடுத்தார், ஸ்கேன் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு நிதானமாகச் சொன்னார்: “மாசத்து நடுவுல முட்டை வெளிய வர்ற நேரம் ஹார்மோன் ஏறி லேசா இறங்கும்மா. அந்த இறக்கத்துல சில பேருக்கு ஒரு சொட்டு படும். அது தீட்டும் இல்ல, சீக்கும் இல்ல. அதிகமாப் பட்டாலோ, வலிச்சாலோ, கண்ட நாள்ல வந்தாலோ மட்டும் உடனே வந்து காட்டணும். சரி, அந்த நாள்ல வீட்டுக்காரரோட இருக்கீங்கதானே?”

“ஐயையோ, கொல்லையில இல்ல இருப்பேன்!”

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “பிள்ளை தங்குற நாளாப் பாத்து மாசாமாசம் தள்ளிப் படுத்திருக்கீங்களேம்மா!”

பூங்கோதைக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு அழுகை வந்தது, ஊர் வந்துசேரும்வரை நிற்கவில்லை. வீட்டில் சொர்ணாம்பாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா சொன்னதை ஒன்றுவிடாமல் பூங்கோதை சொன்னாள். விழப்போகிற வசவுக்குத் தயாராகத்தான் நின்றாள். கிழவி கீரையை முறத்தோடு தள்ளிவைத்தாள்.

“எனக்கும் அப்பிடித்தான்டி வரும்,” என்றாள். “நடுவுல ஒரு சொட்டு. எங்க மாமியா அதே கொட்டாயிலதான் போட்டா. மலடி மலடின்னு ஊரே பேசிச்சி. ஒரு நடவுக்கு மழ புடிச்சிக்கிச்சி, கொட்டாயி ஒழுகுதுன்னு உள்ள படுத்தேன். அந்த மாசந்தான் இவன் தங்கினான்.” அதற்குமேல் அவளால் முடியவில்லை, மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அத்தனை வருஷமும் வீணாகப் போயிற்றே என்ற ஆற்றாமை அது. அழுது முடித்ததும் எழுந்து கொல்லைக்குப் போய்ப் பாயைச் சுருட்டிக் கொண்டுவந்து மகனின் அறைக்குள் போட்டாள். திட்டக்குடிக்காரர்களுக்குப் போன் போட்டு, வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

அதன்பிறகு பொம்மைகள் சிவந்த நாட்களில், ஜோஸ்பின் கேட்டுக்கொண்டதால், காரணம் விசாரிக்காமல் ஆல்பர்ட்டே பூங்கோதைக்கு அரைநாள் லீவு கொடுத்தார். மத்தியானம் கேட்டில் மினி லாரி வந்து ஹாரன் அடிக்கும். “ஒம் மாப்ள வந்துட்டாருடி, போயிட்டு வா!” என்று பெண்கள் ஓட்டுவார்கள். அன்றைக்குப் பார்த்துச் சொர்ணாம்பாளுக்கு மணவாளநல்லூர்க் கோயிலில் வேண்டுதல் ஞாபகம் வந்துவிடும், பொழுது சாயும்வரை திரும்பமாட்டாள். முதல் சில மாதங்கள் ஒன்றும் ஆகவில்லை. பொறுமையாக இருக்கும்படி டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்ததால் யாரும் முகம் சுளிக்கவில்லை, திட்டக்குடிப் பேச்சையும் எடுக்கவில்லை.

கொலு ஆர்டர் குவிந்திருந்த ஒரு மாதம் பொம்மைகள் சிவக்கவில்லை. அடுத்த மாதமும் சிவக்கவில்லை. ஆல்பர்ட்டுக்குப் பகீரென்றது. மண் கொண்டுவந்த லாரிக்காரரைப் பிடித்துக்கொண்டு, கலப்படச் சரக்கை இறக்கிவிட்டாயா என்று கத்தினார். லாரிக்காரர் திருதிருவென்று முழித்தார். பூங்கோதை பஞ்சைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

“அண்ணே, அவரத் திட்டாதீங்க. மண்ணுல ஒண்ணுமில்ல. எனக்குத்தான் நின்னிருக்குது.”

ஆல்பர்ட் அவளைப் பார்த்தார், வரிசையாக நின்ற வெள்ளைப் பிள்ளையார்களைப் பார்த்தார்.

“அப்ப பொறக்குற வரைக்கும் செவக்காதா?”

“செவக்காதுண்ணே.”

“பொறந்தப்பறம்?”

“பால்குடி மறக்கட்டும், பாப்போம்.”

சரி என்று தலையாட்டிவிட்டு, திட்டு வாங்கிய லாரிக்காரருக்கு டீ வாங்கிக் கொடுக்க ஆல்பர்ட் ரோட்டுக்குப் போனார்.