வங்கியில் போட்ட ஓடைத் தண்ணீர்

வெர்லா ஹாட்லக் தன் பதினெட்டு ஏக்கர் முட்செடிக்குச் சிரத்தையாகத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தாள். ஆமாம், முட்செடிக்குத்தான். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் தண்ணீர் உரிமையை ஐந்து வருஷம் தொட்டுப் பார்க்காமல் விட்டால் அது கையை விட்டுப் போய்விடும். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு நாலு கோடை சும்மா கழிந்தாயிற்று; இது ஐந்தாவது. 1889-இல் அவள் கொள்ளுத்தாத்தா பதிந்த உரிமை அது. ஓடையில் அதற்கு மூத்தது கிடையாது; தண்ணீர் குறைந்தால் மூத்த உரிமைக்குத்தான் முதல் பங்கு. அது போனால் நிலம் வெறும் புழுதிதான்.

வேலிக்கு அந்தப் பக்கம் பெனாட் உர்கிதி வந்து நின்றான். ஹாட்லக் வீட்டுக்கும் உர்கிதி வீட்டுக்கும் மூன்று தலைமுறையாக இந்தத் தண்ணீரால் ஆகாது.

"முள்ளு நல்லா வந்திருக்கே வெர்லா. அறுவடை எப்போ?"

"உன் செர்ரிக்கு முன்னாடி. பனி இறங்குற பள்ளத்துல போய் செர்ரி வச்ச ஆளு, நீ பேசறியா?"

பெனாட் சிரித்தான், சிரிப்பு பாதியில் நின்றது. "ரெண்டாயிரம் கன்னு. என் உரிமை 1951. ஆகஸ்ட் வந்தா முதல்ல என் மதகைத்தான் மூடச் சொல்லுவாங்க. அப்புறம் எல்லாம் விறகுதான். உங்க தண்ணிய மாநிலத் தண்ணி பேங்குல போடுங்களேன். அங்கேருந்து நான் வாடகைக்கு எடுத்துக்கறேன்."

"இன்னைக்கு வாடகைம்ப, நாளைக்கு என்னுதும்ப. உங்க தாத்தாவும் இப்படித்தான், சிரிச்சுக்கிட்டே மதகைத் தூக்குவாரு."

"எங்க தாத்தா சிரிச்சு நான் பார்த்ததே இல்லையே."

இந்தப் பேச்சு எங்கே போய் முடிந்திருக்குமோ, அதற்குள் தண்ணீர் அதிகாரி லோரீன் வந்து சேர்ந்தாள். வண்டியை விட்டு இறங்கி, நனைந்து நிற்கும் முட்செடிகளைப் பார்த்தாள்.

"வெர்லா, களைக்கு ஊத்தினா அது பயன்படுத்தினதா ஆகாது. பயிருக்கு ஊத்தணும்."

வெர்லா முழங்காலைத் தடவிக்கொண்டாள். இரண்டு மாசம் நொண்டி நொண்டிப் பாய்ச்சியதெல்லாம் வீணா?

"இப்ப நான் என்ன செய்ய?"

"பேங்குல போடுங்க. அங்க கிடக்கற வரைக்கும் அஞ்சு வருஷக் கணக்கு ஓடாது. தேதி அதே 1889, பேரும் உங்க பேருதான். ஆனா ஒண்ணு, உங்க வயல்ல ஒரு சொட்டு விழக்கூடாது. ஒரே தண்ணி ரெண்டு வயல்ல பாஞ்சா நான் மேலிடத்துக்கு எழுதியாகணும். குத்தகை ரத்தாயிடும்."

வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டாள். அனுமதி ஜூலை கடைசியில் வந்தது. அதுவரை பெனாட் நகத்தைக் கடித்தே தீர்த்திருந்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை விடியற்காலை வெர்லா எழுந்தாள், காபி குடித்தாள், பூட்ஸை மாட்டினாள், ஓடைக்கு நடந்தாள், மதகைத் திறந்தாள். ஐம்பது வருஷமாகச் செவ்வாய்தான் அவள் முறை. பூட்ஸுக்குள் குளிர்ந்த தண்ணீர் ஏறியபோதுதான் அவளுக்குச் சுரீரென்றது.

அதற்குள் பெனாட் பைஜாமாவோடு ஓடி வந்தான், ஒரு காலில் மட்டும் செருப்பு. "தண்ணி நின்னு போச்சு வெர்லா." அவனுக்குப் பின்னால் சாலையில் புழுதி கிளம்பியது. லோரீனின் வண்டி.

"நீங்க பேசாதீங்க," என்றான் பெனாட். "கன்னுக்குட்டி முட்டித் திறந்துடுச்சுன்னு சொல்லிடறேன்."

"எந்தக் கன்னுக்குட்டிடா மதகுச் சக்கரத்தைத் திருப்பும்?"

லோரீன் இறங்கி வந்தாள். ஹாட்லக் குடும்பத்தில் யாரும் மதகு விஷயத்தில் தப்பை ஒத்துக்கொண்டதாகக் கேள்வியில்லை. வெர்லா ஓர் அடி முன்னால் வந்தாள்.

"நான்தான் திறந்தேன். பழக்கதோஷம். எழுதணும்னா என் பேர்ல எழுது. அவன் செர்ரிக் கன்னுங்க என்ன பாவம் பண்ணுச்சு?"

லோரீன் குனிந்து வாய்க்காலை அளந்து பார்த்தாள். தண்ணீர் வயலுக்கு நாலடி முன்னால் மண்ணில் ஊறிக்கொண்டிருந்தது. "வயலைத் தொடல. வாய்க்கால் நனைஞ்சதுக்கெல்லாம் நான் எழுத முடியாது. மூடுங்க. அடுத்த தடவை வயல் நனைஞ்சிருந்தா எழுதிடுவேன், வெர்லா."

வண்டி போனதும் வெர்லா மதகை இறக்கிப் பூட்டினாள். பூட்டியவள் கழுத்துக் கயிற்றிலிருந்து சாவியை உருவிப் பெனாட்டிடம் நீட்டினாள். அந்தச் சாவியை முப்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்த புருஷன் கையில்கூட அவள் கொடுத்ததில்லை. பெனாட் வாங்காமல் நின்றான்.

"பிடி. உன் வீட்லயே இருக்கட்டும். என் கைக்குச் செவ்வாய்க்கிழமை தெரியுது, பேங்க் தெரியல."

"குத்தகை முடிஞ்ச அன்னைக்கே கொண்டாந்து தரேன்."

"தருவே. தெரியும்."

சொன்னபிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. ஒரு உர்கிதியைப் பார்த்து ஒரு ஹாட்லக் இப்படிச் சொல்வதாவது. தன் தண்ணீர் தன் வயலைத் தாண்டிக் கீழே போவதைப் பார்க்க வலித்தது. ஆனால் பயம் இல்லை.

"இன்னும் என்ன நிக்கற? ஓடு. என் தண்ணி அங்க போய்ச் சேரும்போது வரப்புல ஆள் இல்லைன்னா, அப்புறம் இருக்கு உனக்கு."