இரண்டாவது பெட்டி

வரி என்றாலே சண்டைக்கு வரும் ஊர் எங்களுடையது. அந்த ஊரே ஒரே நாளில் வரிக்குச் சம்மதித்தது, ஐஸ் பெட்டிக்காக. போன சித்திரையில், வெளிநாட்டிலிருந்து மகன் வந்து சேர்வதற்குள் ஒரு பெரியவரின் உடம்பு அழுகிவிட்டது. உத்திரமேரூரில் வாடகைப் பெட்டி கிடைக்கவில்லை. அந்த நாற்றம்தான் எங்களை ஒற்றுமைப்படுத்தியது. பிணத்தைக் கெடாமல் வைக்க ஊருக்கென்று ஒரு பெட்டி வாங்குவது, அதற்கு வீட்டுக்கு வீடு ஊர் வரி கட்டுவது என்று கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள். வார்டு மெம்பர் என்பதால் தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கியவள் நான். காலனியிலும் வாங்கினேன்.

"எங்களுக்கும் பெட்டி வருமில்ல தேவகிம்மா?" என்று கேட்டாள் அம்முலு. எங்கள் நிலத்தில் இருபது வருஷமாக வேலை செய்கிறவள்.

"பொதுன்னா எல்லாருக்கும்தான்" என்றேன்.

ஆடிக்குள் பெட்டி வந்தது. தலைவர் புருஷோத்தமன் அதற்கு மாலை போட்டு, "ஆயிரம் வருஷம் முன்னாடியே ஓட்டுப் போட்ட மண்ணு இது" என்று பேசினார். எதற்கெடுத்தாலும் உத்திரமேரூர்க் கல்வெட்டை இழுப்பார். பெட்டி இருந்த அறையின் சாவி என் கணவர் வெங்கடேசனிடம். பத்து மாதத்தில் ஆறு சாவுக்குப் பெட்டி போனது. ஆறும் எங்கள் தெருக்களில்.

இந்த வைகாசியில் ஒரு நாள் காலை, மார்வலி வந்து அம்முலு செத்துப்போனாள். மகள் ஷாரோன் குவைத்தில் நர்ஸ். மறுநாள் மதியம்தான் வந்து சேர முடியும். அம்முலுவின் புருஷன் ஜான்சன் எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே வாருங்கள் என்று அவரை இந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. நானும்தான்.

"பெட்டி வேணும் நைனா. பொண்ணு ஆத்தா மொகத்தப் பாக்கணும்."

"ரிப்பேரா கீது ஜான்சா" என்றார் என் கணவர், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்த புருஷோத்தமன் பெரிய மனசு பண்ணினார். "ஐஸ் கட்டி நான் வாங்கித் தரேன். அதுல வச்சிக்கினு இரு, போ."

ஜான்சன் போனதும் தலைவர் என் பக்கம் திரும்பினார். "நாளைக்கு எங்க அம்மாவ அதுல வைக்கணும் இல்ல தேவகி?"

அம்முலுவின் உடம்புதான் தீட்டு, அவள் கட்டிய வரிக்குத் தீட்டே இல்லை.

சாவியை எடுத்துக்கொண்டு நடந்தேன். அறையைத் திறந்து ஸ்விட்ச் போட்டதும் பெட்டி ஓடியது. என் கணவர் பின்னாலேயே வந்து கத்தினார், கையைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டு, காலனிப் பையன்களைக் கூப்பிட்டுக் குட்டியானை வண்டியில் பெட்டியை ஏற்றி, நானும் ஏறி உட்கார்ந்து காலனிக்குப் போனேன்.

மறுநாள் ஷாரோன் வந்து தாயின் முகத்தைப் பார்த்தாள். கண்ணாடி மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். பிறகு என்னிடம் வந்து, "ரொம்ப தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றாள். அவர்கள் வரியில் வாங்கிய பெட்டிக்கு எனக்கு நன்றி. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பத்தாம் நாள் கூட்டம் போட்டார்கள். என்னைத் திட்டுவார்கள் என்று நினைத்துப் போனேன். அதைவிடக் கேவலம் நடந்தது.

"அந்தப் பெட்டிய காலனிக்கே குடுத்துடலாம். நமக்குப் புதுசா ஒண்ணு வாங்கிக்கலாம்" என்றார் புருஷோத்தமன்.

"புதுசுக்கு யார் வரி கட்டறது?" என்று கேட்டேன்.

"எல்லாரும்தான். ஊர் வரின்னா ஊருக்கே பொது இல்ல?"

முதல் வரியைக் கட்டும்போது மூக்கால் அழுதவர்கள்கூட இப்போது முண்டியடித்துக் கை தூக்கினார்கள். தாராள மனசு என்று ஒருவர் தலைவரைப் பாராட்டினார். பின்னால் நின்ற ஜான்சன் வெளியே போனார். கையெழுத்து வாங்கும் நோட்டை என் பக்கம் நீட்டினார்கள். அதைத் தொடவே அருவருப்பாக இருந்தது. கீழே போட்டுவிட்டு வந்தேன்.

அன்று மத்தியானம், கணவர் சாப்பிடும்போது சொன்னேன்: "நான் செத்தா அம்முலு படுத்த பெட்டியிலதான் என்னை வைக்கணும்."

அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "இன்னாடி பேசற? ஊர்ல நான் தல காட்ட வாணாமா? நான் வுட மாட்டேன்."

விடமாட்டார், தெரியும். அதனால் அதையே ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, இன்னும் குவைத்துக்குத் திரும்பாத ஷாரோனிடம் கொடுத்துவிட்டேன்.