கனவுக்குக் கேட்ட மன்னிப்பு

சின்ன உருவம் என்பதால் அண்ணன் அவளைச் 'சுண்டு' என்று கூப்பிடுவான். இருபத்து மூன்று வயதாகியும் அந்தப் பெயர் போகவில்லை. சோபா தைக்கும் பட்டறை ஒன்றில் துணி வெட்டுவது அவள் வேலை. அண்ணன் பேருந்து ஓட்டுகிறான். அண்ணிக்குப் பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளர் வேலை. மூன்று பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள்.

கல்லூரி விடுதியில் பரீட்சைக் கவலையில் தூக்கம் வராமல் தவித்தபோது, அறைத்தோழி கஞ்சா நிரப்பிய சிகரெட்டை நீட்டினாள். "ரெண்டே இழுப்பு. அப்புறம் பாரு." அன்று அடித்துப் போட்டாற்போலத் தூங்கினாள் சுண்டு. பரீட்சை முடிந்த பிறகும் அந்த இரண்டு இழுப்பு தொடர்ந்தது. பிறகு அது நாலாகி, முழு சிகரெட்டாகி, அது இல்லாமல் படுத்தால் கண் மூடாது என்றானது. பட்டறை வேலைக்கு வந்த பிறகும், படுக்கப்போகுமுன் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு நிற்பாள். காலையில் எழுந்தால் தலைக்குள் ஈரப்பஞ்சை அடைத்தது போலிருக்கும். ஒரு கனவு கண்டதாகக்கூட நினைவிருக்காது.

நிறுத்தவேண்டும் என்று அவள் முடிவெடுத்தது ஒரு வெல்வெட் சோபாவால். வெல்வெட்டின் ரோமம் எல்லா மெத்தையிலும் ஒரே பக்கமாகப் படிந்திருக்கவேண்டும். அவள் ஒரு மெத்தைக்கு மட்டும் துணியைத் தலைகீழாக வெட்டியிருந்தாள். வாங்கியவர் வீட்டு வெளிச்சத்தில் அந்த மெத்தை மட்டும் வேறு நிறமாகத் தெரிந்து, சோபா திரும்பி வந்தது. முதலாளியம்மா கத்தவில்லை. துணியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கொஞ்ச நாளா பாக்குறேன். கண்ணு திறந்திருக்கு, ஆளு இன்னும் வந்து சேரலையே."

திட்டியிருந்தால்கூட மறந்திருப்பாள். இந்த வார்த்தை உறைத்தது. அன்றே நிறுத்தினாள்.

நிறுத்தியதும் இருந்த தூக்கமும் போயிற்று. கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்தாள். போர்வை வியர்வையில் நனைந்தது. சோறு இறங்கவில்லை. பட்டறையில் யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுந்தாள். ஒருநாள் பழைய அறைத்தோழி வீட்டுக்குப் போனவள், தாங்கமுடியாமல் மறுபடி பிடித்துவிட்டாள். சுகமாகத்தான் தூங்கினாள். காலையில் அதே ஈரப்பஞ்சு. பேருந்தில் போகும்போதே அழுகை வந்தது. வழியில் இறங்கி, முதலாளியம்மாவிடம் தாமதமாக வருவதாகப் போனில் சொல்லிவிட்டு, ஒரு மருத்துவமனைக்குள் நுழைந்தாள்.

மருத்துவர் அவளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராகத் தெரிந்தார். கஞ்சா என்றதும் முகம் சுளிக்காதது பெரிய ஆறுதலாக இருந்தது.

"இது சீக்கிரமா தூங்க வைக்கிற மாதிரி இருக்கும். ஆனா நாள்பட்டா, கனவு வர்ற தூக்கத்தைக் கொறைச்சிடலாம்" என்றார் அவர். "இப்ப நிறுத்திட்டீங்கல்ல, அது மொத்தமா திரும்பி வரும். கனவு பயங்கரமா, நெஜம் மாதிரியே இருக்கும். பயந்துடாதீங்க."

"எத்தனை நாளைக்கு டாக்டர்?"

"ஆளுக்கு ஆள் மாறும். சில வாரம் ஆகலாம், கூடவும் ஆகலாம். தூக்கம் வரலைன்னா படுக்கையிலயே புரளாதீங்க, எழுந்து உக்காருங்க. எப்ப தூங்கினாலும் சரி, காலையில ஒரே நேரத்துக்கு எழுந்திருங்க. ரொம்ப முடியலைன்னா திரும்ப வாங்க. வீட்டுல யாருக்காவது தெரியுமா?"

இல்லை என்று சுண்டு தலையசைத்தாள்.

மருத்துவர் சொன்னபடியே கனவுகள் வந்தன. பல் உதிர்ந்தது, மாடிப்படி முடிவில்லாமல் இறங்கியது, கத்தரிக்கோல் துணிக்குப் பதில் விரலை வெட்டியது. இதெல்லாம் எழுந்ததும் கலைந்துவிடும். ஒன்று மட்டும் கலையவில்லை. அந்தக் கனவில் அண்ணி சமையலறையில் நின்றிருந்தாள். "இது எங்க அண்ணன் வீடு. உனக்கு இங்க என்ன வேலை? வெளியே போ" என்று சுண்டு கத்தினாள். அண்ணி பையை எடுத்துக்கொண்டு அழுதபடி படியிறங்கினாள்.

விடிந்ததும் சுண்டு சமையலறைக்கு வந்தபோது அண்ணி அடுப்புப் பக்கம் திரும்பி நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. சுண்டுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அண்ணி, என்னை மன்னிச்சிடுங்க. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"எப்படி?"

"வீட்டை விட்டுப் போன்னு."

அண்ணி கரண்டியோடு திரும்பினாள். "எப்ப சொன்னே? எனக்கு ஜலதோஷம் பிடிச்சு ரெண்டு நாளாச்சு. காய்ச்சல் உனக்கு வந்திருக்கா என்ன?"

கனவு என்று புரிந்ததும் சுண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கனவை முழுவதுமாகச் சொன்னாள். அண்ணி சிரிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"கனவு இருக்கட்டும். மனசுல இருந்துச்சா?"

இல்லை என்று சொல்வது சுலபம். சுண்டு உண்மையைச் சொன்னாள். "நீங்க வந்த புதுசுல இருந்துச்சு அண்ணி. இப்ப இல்ல."

"ம். எனக்கும் தெரியும்." அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அதனாலதான் நானும் கேக்கல."

"எதை?"

"பால்கனியில காயுற துணியை யாரு மடிக்கிறா? அதுல அடிக்கிற கஞ்சா வாடை எனக்குத் தெரியாதா? கேக்கணும்னு வாய் வரைக்கும் வரும். நீ யாரு என்னைக் கேக்கன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா எங்க போய் முகத்தை வச்சுக்கறது?"

இத்தனை நாள் தான் ஒளிந்து ஒளிந்து செய்ததை இவள் துணியோடு சேர்த்து மடித்து வைத்திருக்கிறாள். சுண்டு எல்லாவற்றையும் சொன்னாள்: விடுதி, வெல்வெட், மருத்துவர், நடுவில் தவறியது. அண்ணி குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில், "உங்க அண்ணன்கிட்ட நீயே சொல்லிடு. நான் பக்கத்துல இருக்கேன்" என்றாள்.

இரவுச் சாப்பாட்டின்போது அவள் சொன்னதும் அண்ணன் கை கழுவாமல் எழுந்து போய்விட்டான். அதற்குப் பிறகு பல நாள் அவளோடு பேசவில்லை. ஆனால் காலையில் எழுந்திருக்கும் நேரம் பற்றி மருத்துவர் சொன்னதை அண்ணியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தான். தினமும் வேலைக்குக் கிளம்புமுன் சுண்டுவின் கதவைப் பேருந்தின் தகரத்தைத் தட்டுவது போல ஓங்கித் தட்டிவிட்டுப் போனான். ஒரு விடுமுறை நாளிலும் அப்படித் தட்டினான். கோபமாகக் கதவைத் திறந்த சுண்டு, "இன்னிக்கு உனக்கு லீவுதானே?" என்று கேட்டாள்.

"எனக்கு லீவு. உனக்கு இல்ல" என்றான் அண்ணன். முகம் இறுக்கமாகத்தான் இருந்தது. "என்கிட்ட சொல்லியிருக்கலாமே சுண்டு. தூக்கம் வரலைன்னா சொல்றதுக்கு என்ன?"

"பயமா இருந்துச்சு" என்றாள். அவன் தலையை ஆட்டிவிட்டு முகம் கழுவப் போனான்.

தூக்கம் ஒரேயடியாகத் திரும்பவில்லை. இரண்டு நாள் நன்றாக வரும், மூன்றாம் நாள் ஏமாற்றும். அப்போது எழுந்து, பட்டறையிலிருந்து கொண்டுவந்த துண்டுத் துணிகளை நிறவாரியாகப் பிரிப்பாள். அறைத்தோழி கூப்பிட்டபோது, கொஞ்ச நாளைக்கு வெளியே டீக்கடையில் பார்த்துக்கொள்வோம் என்றாள். தோழி வருத்தப்பட்டாள், ஆனால் வந்தாள்.

மெல்ல மெல்லக் கனவுகளின் காரம் குறைந்தது. பட்டறை, பேருந்து, தொலைந்த செருப்பு, யாரோ கேட்ட விலாசம் என்று சாதாரணமாக வரத் தொடங்கின. எழுந்ததும் அவற்றை ஒன்று விடாமல் அண்ணியிடம் சொல்வது சுண்டுவுக்கு வழக்கமாகிவிட்டது. அண்ணியும் முதலில் ஆர்வமாகத்தான் கேட்டாள்.

"அப்புறம் அந்த ஆளு விலாசத்தை மறுபடியும் கேட்டான் அண்ணி..."

"சுண்டு, நல்லா தூங்குறே, சந்தோஷம். ஆனா கதையைச் சுருக்கிச் சொல்லும்மா, எனக்கு வேலைக்கு நேரமாச்சு" என்றாள் அண்ணி, கொட்டாவியை அடக்கிக்கொண்டு.