படகேறிய தேரைகள்

சங்கரி தையல் மெஷினின் மிதிபலகையில் காலை வைத்தபோது அது மெத்தென்று இருந்தது. ஏதோ துணி விழுந்து கிடக்கிறது என்று நினைத்து இன்னொரு முறை அழுத்தினாள். துணி கத்தியது.

மறுகணம் அவள் கட்டிலின் மேல் நின்றுகொண்டிருந்தாள். மெஷினுக்கு அடியிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தேரை வெளியே வந்தது. அதற்கு எந்த அவசரமும் இல்லை. நாலு தத்துத் தத்தி, கதவு நிலையோரம் போய், தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது.

மட்டாஞ்சேரிக்கு அவள் வந்தது மாசி மாதம், கல்யாணம் முடிந்த கையோடு. கணவன் பாலையா எட்டு வருஷமாகக் கொச்சியில் டைல்ஸ் ஒட்டுகிறவன். "கொல்லையில குளம் இருக்கிற வீடு பிடிச்சிருக்கேன்" என்று அவன் போனில் சொன்னபோது, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு ஓடி வளர்ந்த சாத்தூர்க்காரிக்கு அது அரண்மனை மாதிரிக் கேட்டது. வந்து பார்த்தாள். பழைய மிளகு கோடவுனுக்குப் பின்னால் ஓட்டு வீடு. கொல்லையில் செங்கல்பாறைப் படிகளோடு சின்னக் குளம், பச்சைத் தண்ணீர், ஓரமெல்லாம் சேம்பு. அவளுக்குப் பிடித்துத்தான் போனது.

ஜூன் மாதம் மழை இறங்கிய பிறகுதான் அந்தக் குளத்தில் யார் யார் குடியிருந்தார்கள் என்பது தெரிந்தது. மஞ்சள் பூசிக்கொண்டவை போலப் பெரிய தவளைகள் தண்ணீரில் மிதந்து தொண்டையை ஊதின. ஜன்னல் கம்பியில் பச்சைக் குட்டித் தவளை ஒட்டிக்கொண்டு தூங்கியது. தேரைகள் நேராக வீட்டுக்குள்ளேயே வந்தன. குளியலறைக் கப்பில் ஒன்று, செருப்புக்குள் ஒன்று, அரிசி டின்னுக்குப் பின்னால் ஒன்று.

சங்கரிக்குத் தவளையைக் கண்டால் அருவருப்பு, தேரையைக் கண்டால் பயம். தேரை மேலே பட்டால் உடம்பு நாளுக்கு நாள் தேய்ந்துபோகும் என்று அவள் அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தாள்.

"அது பாட்டுக்குக் கொசுவைத் தின்னுட்டுக் கிடக்கும் சங்கரி. நீ ஒண்ணும் பண்ணலேன்னா அதும் ஒண்ணும் பண்ணாது" என்று பாலையா சிரிப்பான்.

அவளால் சிரிக்க முடியவில்லை. பகலெல்லாம் தனியாக இருப்பவள் அவள்தானே. அக்கம்பக்கத்தில் பேசுகிற மலையாளம் பாதிதான் புரியும். பதில் சொல்ல வாய் வராது. கடைக்குப் போனால் சாமானை விரலால் காட்டி வாங்கி வருவாள். அவளோடு வீட்டில் இருந்தது தேரைகள் மட்டும்தான்.

மெஷின் சம்பவத்துக்குப் பிறகு துடைப்பத்தால் அந்தத் தேரையைக் குப்பை முறத்தில் தள்ளி, முகத்தைத் திருப்பிக்கொண்டே தெருக்கோடி ஓடையில் கொண்டுபோய்க் கொட்டினாள். இரண்டு நாளில் அது திரும்பி வந்துவிட்டது.

"அதே தேரையா? எப்படித் தெரியும்?"

"முதுகுல அரைவட்டமாத் தழும்பு இருக்கு. அதேதான்."

பாலையா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "அதெல்லாம் வழி கண்டுபிடிச்சு வந்திரும். கடல் தாண்டிக் கொண்டுபோய் விட்டாத்தான் உண்டு."

அவன் விளையாட்டாகச் சொன்னது. சங்கரிக்கு அது யோசனையாகவே பட்டது. படகுத்துறை ஜெட்டியில் படகு ஏறினால் எதிர்க்கரையில் வெலிங்டன் தீவு. நடுவில் இருப்பது உப்புத் தண்ணீர். எந்தத் தேரையும் நீந்தி வர முடியாது.

அடுத்த புதன்கிழமை பாலையா இடப்பள்ளிக்கு வேலைக்குக் கிளம்பியதும் அவள் வேட்டையைத் தொடங்கினாள். பழைய பெயிண்ட் பக்கெட்டின் மூடியில் மூச்சு விட ஓட்டை போட்டாள். முறமும் துடைப்பமுமாகக் குளியலறை, அடுப்படி, கொல்லைப் படி என்று அலைந்து, ஐந்தாறு தேரைகளையும் இரண்டு தவளைகளையும் பக்கெட்டுக்குள் சேர்த்தாள். காய்ந்துபோகக் கூடாதே என்று கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் சேம்பிலை. மூடியை அழுத்தி வைத்துக்கொண்டு ஜெட்டிக்கு நடந்தாள்.

படகில் கூட்டம் இருந்தது. ஓர் இருக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து, பக்கெட்டைத் தள்ளி வைத்து, கால் பெருவிரலால் மட்டும் அதைத் தொட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஐம்பது வயசுப் பெண்ணொருத்தி, மடியில் சாப்பாட்டுப் பையோடு வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பக்கெட்டையே பார்த்தாள்.

"எந்தா இதில்? மீனா?"

"பெயிண்ட்" என்றாள் சங்கரி.

"பெயிண்ட் சாடுமோ?" என்று அவள் கேட்டாள். பக்கெட்டுக்குள் ஏதோ குதித்து மூடியில் மோதுகிற சத்தம் நன்றாகவே கேட்டது.

சங்கரி மூடியைக் காலால் அமுக்கப் பார்த்தபோது பெரிய இழுவைப் படகு ஒன்று பக்கத்தில் கடந்து போனது. அதன் அலையில் இவர்கள் படகு ஒருபக்கமாகச் சாய்ந்தது. பக்கெட் உருண்டது. மூடி ஒரு பக்கம் ஓட, தேரைகள் எல்லாப் பக்கமும் ஓடின.

வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் இருக்கையின் மேல் ஏறி நின்றார். கல்லூரிப் பெண்கள் கிறீச்சிட்டுக்கொண்டே போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். ஒரு தவளை யாருடைய ஹெல்மெட்டுக்குள்ளோ போய் உட்கார்ந்தது. படகைக் கயிறு கட்டுகிற பையன்தான் முதலில் குரல் கொடுத்தவன். சட்டையில் சிஜு என்று பேர் எழுதியிருந்தது.

"ஆருடெ தவளயா இது?"

எல்லோருடைய கண்ணும் உருண்டு கிடந்த பக்கெட்டைப் பார்த்து, அங்கிருந்து மெதுவாகச் சங்கரிக்கு வந்தது. எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பக்கத்திலிருந்தவள் வேறு பெயிண்டைப் பற்றிக் கேட்டுவிட்டாள்.

"என்னோடது" என்றாள். மறுபடி உரக்கச் சொன்னாள். "எல்லாமே என்னோடதுதான்."

படகு முழுக்கச் சிரிப்பு.

"எங்கில் பிடிக்கு சேச்சி! ஜெட்டி எத்தாறாயி" என்று சிஜு கைகாட்டினான். கரை வருவதற்குள் பிடித்தாக வேண்டும் என்பது அவளுக்குப் புரிந்தது.

"எனக்குத் தேரைன்னா பயம்."

அதைக் கேட்டதும் பக்கத்திலிருந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "தவள சொந்தம். தொடவும் பயம். நல்ல கூத்து!" சங்கரியின் முகத்தைப் பார்த்து நிறுத்தி, தோளில் கைவைத்தாள். "நானும் தமிழ்தான் மோளே. எங்க தாத்தா திருநெல்வேலிலேந்து வந்தவரு. பேரு கமலாக்ஷி. பேடிக்கண்டா, பயப்படாத, நான் பிடிச்சுத் தரேன்."

சொன்னபடியே முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கீழே குனிந்தாள். ஒரு தேரையைப் பின்னாலிருந்து அமுக்கி, தேங்காய்ச் சில்லை எடுப்பது போல எடுத்துப் பக்கெட்டில் போட்டாள். இரண்டாவதையும் மூன்றாவதையும் போட்டாள். ஹெல்மெட்காரன் தன் பங்குக்கு ஹெல்மெட்டையே கவிழ்த்தான்.

முதுகில் தழும்புள்ள தேரை மட்டும் யாரிடமும் சிக்காமல் படகின் ஓரத்துக்குத் தத்திப் போய்க்கொண்டிருந்தது. படகில் ஏறி இறங்குகிற அந்த இடத்தில் தடுப்பு இல்லை. இன்னும் இரண்டு தத்தல், பிறகு உப்புத் தண்ணீர். கமலாக்ஷி மறுகோடியில் இருந்தாள். சங்கரிக்கு யோசிக்க நேரமில்லை. பாய்ந்து விழுந்து, இரண்டு கையாலும் அதைப் பொத்திப் பிடித்தாள்.

வழவழவென்று, குளிர்ச்சியாக இருக்கும் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். அப்படி இல்லை. காய்ந்த பாகற்காயைப் பிடித்த மாதிரி இருந்தது. உள்ளங்கைக்குள் அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது. தன்னைக் காட்டிலும் அதிகமாகப் பயந்துபோயிருந்த ஒன்றை அவள் அதுவரை கையில் பிடித்ததில்லை. அது அவள் கையிலேயே மூத்திரம் பெய்தது. உடம்பு தேயத் தொடங்குகிறதா என்று ஒரு நிமிஷம் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை.

"கொள்ளாம் சேச்சி!" என்று சிஜு கைதட்டினான். வேட்டிப் பெரியவரும் இருக்கையிலிருந்து இறங்காமலே தட்டினார்.

மீதி இரண்டையும் சங்கரியே பிடித்தாள்.

தீவு ஜெட்டியில் படகு அணைந்தது. கமலாக்ஷி அங்கே ஓர் ஆபீஸில் பெருக்கித் துடைக்கிறவள், இறங்க எழுந்தாள். "இதை எங்கே கொண்டு போறே?"

"இங்க விட்டுறலாம்னுதான் வந்தேன்."

"ஐலண்டிலோ?" கமலாக்ஷி கரையைக் காட்டினாள். கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றுகொண்டிருந்தன. சிமென்ட் தரை மழையில் பளபளத்தது. "இவிடெ ஏது குளம்? டயருக்கு அடியில போகும், பாவம்."

கூட்டம் இறங்கிவிட்டது. சிஜு கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான். "சேச்சி இறங்குன்னில்லே?"

சங்கரி பக்கெட்டைப் பார்த்தாள். இத்தனை பேர் நடுவில் என்னுடையது என்று சொல்லிவிட்டு, லாரிக்கு முன்னால் கொட்டிவிட்டுப் போக அவளுக்கு மனசு வரவில்லை. "இல்ல. நாங்க திரும்பிப் போறோம்" என்றாள்.

நாங்க என்றதைக் கேட்டுக் கமலாக்ஷி மறுபடி சிரித்தாள். போவதற்கு முன் சங்கரியின் போனை வாங்கித் தன் நம்பரை அதில் அடித்துக் கொடுத்தாள். சிஜு மிஞ்சிய கயிற்றுத் துண்டால் மூடியை இறுக்கக் கட்டித் தந்தான்.

வீட்டுக்கு வந்ததும் பக்கெட்டைக் குளப்படியில் கவிழ்த்தாள். சாயங்காலம் பாலையா வந்ததும் நடந்ததையெல்லாம் சொன்னாள். அவன் சுவரில் சாய்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். "படகுல போயி சுத்திப் பாத்துட்டு வந்திருக்குங்களே! எனக்கே நீ ஐலண்டைக் காட்டினதில்ல."

"சிரிச்சது போதும். இந்தாங்க, இதைக் கொண்டுபோய்ப் படியில விட்டுட்டு வாங்க." அதற்குள் கதவோரம் வந்து உட்கார்ந்திருந்த தேரையைக் கையில் எடுத்து அவனிடம் நீட்டினாள்.

பாலையாவின் சிரிப்பு நின்றது. ஒரு அடி பின்னால் போனான். அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். அவன் கட்டிலின் மேல் இருந்தான்.

"வேணாம் சங்கரி. சொன்னாக் கேளு. வெளையாடாத!"

"உங்களுக்கும் பயமா?"

"பயமெல்லாம் இல்ல. பிடிக்காது, அவ்வளவுதான்."

"எட்டு வருஷத்துல ஒரு தடவையாச்சும் தொட்டிருக்கீங்களா?"

அவன் மேலே கூரையைப் பார்த்தான். சங்கரி தேரையைக் கையில் வைத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரத்தில் அவனும் கட்டில் மேலிருந்தபடியே சேர்ந்துகொண்டான்.

அதற்குப் பிறகு கடைத்தெருவில் அவளைப் பார்த்து யார் யாரோ தலையாட்டத் தொடங்கினார்கள். கல்லூரிப் பெண்கள் எடுத்த படம் எத்தனை போன்களுக்குப் போனதோ, மீன் விற்கிறவள் "தவளச் சேச்சி வந்தல்லோ" என்று கூப்பிட்டு, நல்ல அயிலையாகப் பொறுக்கிக் கொடுத்தாள். சங்கரியும் விரலால் காட்டுவதை விட்டு, தப்போ சரியோ மலையாளத்தில் கேட்கப் பழகினாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கமலாக்ஷி தூக்குச் சட்டியில் கப்பைக் கிழங்கும் மீன் குழம்புமாக வந்து சேர்ந்தாள். உள்ளே உட்காரச் சொன்னால் கேட்கவில்லை. "குளம் காணத்தான் வந்தது" என்று நேராகக் கொல்லைக்குப் போய்ப் படியில் உட்கார்ந்தாள். தண்ணீரில் சேம்புத் தண்டைச் சுற்றி, கறுப்பு மணி கோத்த கண்ணாடி நூல் மாதிரி தேரை முட்டைகள் நீளநீளமாகக் கிடந்தன. இருவரும் குனிந்து பார்த்தார்கள். தூறல் விழ ஆரம்பித்தது. முதலில் ஒரு தவளை தயங்கித் தயங்கிக் கூப்பிட்டது. பிறகு குளம் முழுவதும் பிடித்துக்கொண்டது.

கமலாக்ஷியின் போன் அடித்தது. அவள் மகள் அஞ்சு, துபாயில் நர்ஸ். திரையில் வந்தவள் அம்மாவின் முகத்தைக்கூடக் கவனிக்காமல் கேட்டாள். "அம்மே, அது எந்தா சத்தம்? மழையா?"

"மழையும் தவளையும். கேக்கணுமா?" கமலாக்ஷி போனைக் குளத்தின் பக்கம் நீட்டினாள். "இங்கே நாப்பத்தஞ்சு டிகிரி அம்மே" என்றது போன். "ஒண்ணை எனக்குக் காட்டு!"

சங்கரி சேம்பிலைக்கு அடியில் கைவிட்டு ஒரு தேரையை எடுத்து, கேமராவுக்கு நேராகப் பிடித்தாள். துபாயிலிருந்து ஒரு அலறல் வந்தது. பின்னாலேயே சிரிப்பு வந்தது.

"சேச்சி, போனை அங்கேயே வெச்சிருங்க. ஒண்ணும் பேசவேணாம். நான் சமைச்சுக்கிட்டே கேட்டுட்டிருக்கேன்" என்றாள் அஞ்சு.

போனைப் படியில் சாய்த்து வைத்து, நனையாமல் அதற்கு மேல் கமலாக்ஷியின் குடையை விரித்தார்கள். அவர்கள் இருவரும் கொல்லை வாசல் ஓட்டுக்கு அடியில் ஒதுங்கி, சூடு ஆறுவதற்குள் கப்பையைச் சாப்பிடத் தொடங்கினார்கள்.